இருநூற்றைம்பத்தாறு அணிகளும் ஓர் அண்ணனும்

பந்தைக் கையில் தூக்கி ஓடும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலை ஆளும் குழு எதைச் செய்தாலும் ரசிகர்களுக்காகத்தான் செய்யும். பட்டத்துக்கான ப்ளே ஆஃபுக்கு நான்கு அணிகள் போதும் என்று வைத்தது ரசிகர்களுக்காக. நான்கு போதாது, பன்னிரண்டு வேண்டும் என்று மாற்றியதும் ரசிகர்களுக்காக. பன்னிரண்டு இருபத்துநான்காகி, இருபத்துநான்கு நாற்பத்தெட்டான ஒவ்வொரு தடவையும் குழுத் தலைவர் ஹார்ட்லி பிரென்டிஸ் தொலைக்காட்சியில் தோன்றி, குரல் தழுதழுக்க, "ரசிகர்கள் கேட்டார்கள், கொடுத்தோம்" என்றார். கேட்ட அந்த ரசிகர் யார் என்று பிரிம்லி ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஹாஸ்கெட் ஊர்க்காரன் எவனாவதாகத்தான் இருக்கும் என்பது டுவெய்ன் கெட்னரின் சந்தேகம்.

டுவெய்ன், பள்ளிப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஆரம்பத்தில் கைதட்டியவர்களில் அவரும் ஒருவர், அதை மறைக்க வேண்டியதில்லை. பிரிம்லி பல்கலைக்கழகத்தின் நீர்நாய்கள் அணி எந்தக் காலத்திலும் முதல் நான்குக்குள் வந்ததில்லை. முதல் பன்னிரண்டுக்குள்ளும் வந்ததில்லை. இருபத்துநான்கு என்றதும் அவருக்கு ஒரு நப்பாசை வந்து, புதுத் தொப்பி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டார். நாற்பத்தெட்டு என்றபோது அவர் மனைவி ஜோலீன், "இன்னும் கொஞ்சம் பொறுய்யா, நம்ம தேவாலயத்துப் பாட்டுக் குழுவையும் சேத்துக்குவாங்க" என்றாள். அவர் சிரித்தார். அப்போது சிரிக்க முடிந்தது.

டுவெய்னுக்குக் கோப்பை, பட்டம் எல்லாம் இரண்டாம் பட்சம். வருஷத்துக்கு ஒரே ஒரு ஆட்டம் முக்கியம். நவம்பர் மாதத்து நன்றியறிதல் பண்டிகை விருந்தின் வான்கோழி மிச்சம் தீர்வதற்குள் ஒரு சனிக்கிழமை வருமே, அன்றைக்கு நீர்நாய்களும் ஹாஸ்கெட்டின் முள்ளம்பன்றிகளும் மோதும் ஆட்டம். டுவெய்னின் அண்ணன் மார்லின், ஹாஸ்கெட்டில் பெண் எடுத்து, அங்கேயே பன்றித் தீவனக் கடை வைத்து, முள்ளம்பன்றியாகவே மாறிவிட்டவர். அப்பா இறந்த வருஷம், அவருடைய அறுவடை எந்திரத்தைத் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றுவிட்டார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. கல்யாணத்துக்கு அழைப்பில்லை, பண்டிகைக்கு வாழ்த்தில்லை. ஆட்ட நாளுக்கு மட்டும் விலக்கு. அதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது.

அன்று காலை ஸ்டேடியத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் இருவரும் தங்கள் பிக்கப் வண்டிகளை அடுத்தடுத்து நிறுத்துவார்கள். பின்கதவை இறக்கி அடுப்பு மூட்டுவார்கள். போன வருஷம் எந்த அணி தோற்றதோ, அந்தப் பக்கத்துச் சகோதரன் கறி கொண்டுவந்து சுட்டுப் போட வேண்டும். மற்றவன் தின்றுகொண்டே நக்கலடிப்பான். நக்கலைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது. ஆனால் இந்த நக்கலுக்குள்ளேதான் வருஷத்துச் சேதி எல்லாம் போய்வரும். "மே மாசம் ஆப்பரேஷன் பண்ணின என் முட்டி இருக்கே, அதுகூட உங்க ஆளுங்கள விட வேகமா ஓடும்டா" என்று மார்லின் சொல்லித்தான் அவருக்கு ஆப்பரேஷன் நடந்ததே டுவெய்னுக்குத் தெரியும். "எங்க பணிமனையில என்னை வேணாம்னு வீட்டுக்கு அனுப்பி, ஆறு மாசத்துல திரும்பக் கூப்பிட்டாங்க. உங்க டீமை எவன்யா கூப்பிடுவான்?" என்று டுவெய்ன் சொல்லித்தான் தம்பி வேலையிழந்து மீண்ட கதை மார்லினுக்குத் தெரியும்.

போன வருஷம் முள்ளம்பன்றிகள் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். ஆட்டம் முடிந்து மடக்கு நாற்காலியை வண்டியில் தூக்கிப் போடும்போது மார்லின் சொன்னார்: "ரொம்ப ஆடாதடா. இதைவிட மோசமானதெல்லாம் நான் பாத்தாச்சு. என் நுரையீரல்ல ஒரு புள்ளி இருக்குன்னு டாக்டர் படம் புடிச்சுக் காட்டினான். உங்க ஆள் உதைச்ச பந்தை விட அது நேரா நிக்குது. வசந்த காலத்துல மறுபடி பாக்கணுமாம்."

டுவெய்ன் பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டார். சிரித்து முடித்தபோது அண்ணனின் வண்டி கூட்டத்துக்குள் போய்விட்டது. அந்தப் புள்ளி அவர் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. குளிர்காலம் போயிற்று, வசந்தம் வந்தது, டாக்டர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. நவம்பர் கடைசிச் சனிக்கிழமை வரட்டும், தெரிந்துவிடும் என்று காத்திருந்தார்.

கோடையில் குழு புதிய அறிவிப்பு வெளியிட்டது. இனி நூற்று முப்பத்தாறு அணிகளுக்கும் ப்ளே ஆஃபில் இடம். ஒருவரையும் விடப்போவதில்லை. 'எல்லோருக்கும் இடம் உண்டு' என்பது முழக்கம்.

எல்லோரும் உள்ளே வந்துவிட்டால் தரவரிசையில் யாருக்கு என்ன எண் என்பதுதானே அடுத்த சண்டை? அதற்குக் குழு ஒரு கணக்கு வைத்தது. பலமான அணியிடம் தோற்றால் 'தரமான தோல்வி', எண் ஏறும். பலவீனமான அணியை ஜெயித்தால் 'தரமற்ற வெற்றி', எண் இறங்கும். இந்தக் கணக்கைப் பார்த்த மறுவாரமே பிரிம்லி, ஹாஸ்கெட் இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. அந்த இரண்டும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். தங்கள் இரண்டு அணிகளும் சம அளவில் பலவீனமானவை என்று வல்லுநர்கள் கண்டுபிடித்திருப்பதால், ஒருவரையொருவர் ஜெயித்து இருவரும் கெட்டுப்போக விரும்பவில்லை, ஆகவே இனி மோதப்போவதில்லை என்றது அறிக்கை. 'நம் பாரம்பரியப் பகை ரத்து செய்யப்படவில்லை. அது நினைவின் தளத்துக்கு உயர்த்தப்பட்டிருக்கிறது.'

டுவெய்ன் இதை இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை படிக்காமல் தாளைக் கசக்கி எண்ணெய்த் தொட்டியில் போட்டார்.

"சரி, போனைப் போட்டுக் கேட்டுடு" என்றாள் ஜோலீன்.

"அவருக்கா?"

"இல்ல, ஜனாதிபதிக்கு. உங்கண்ணனுக்குத்தான்யா."

போட்டார். மூன்றாவது மணியில் மார்லின் எடுத்தார். "யாரு செத்தா?" என்றார்.

"யாரும் சாகல."

"அப்புறம்?"

டுவெய்ன் வாயைத் திறந்தார். ஆட்டம் இல்லை, அடுப்பு இல்லை, நக்கலடிக்க ஒரு தோல்விகூட இல்லை. சொல்ல ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மூச்சில் ஏதாவது தெரிகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டார்.

"சரி" என்று மார்லின் வைத்துவிட்டார்.

ஆகஸ்டில் குழு 'ரசிகர் குரல் கேட்கும் கூட்டம்' நடத்தியது. டுவெய்ன் ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு தலைநகரத்து ஓட்டலுக்குப் போனார். வாசலில் ஒரு பெண் அவர் கழுத்தில் அட்டை மாட்டி, கையில் மூன்று பொத்தான்கள் கொண்ட கருவி ஒன்றைக் கொடுத்தாள். முதல் பொத்தானில் 'ஆவல்', இரண்டாவதில் 'பேராவல்', மூன்றாவதில் 'அடக்க முடியாத ஆவல்' என்று எழுதியிருந்தது.

"ஏம்மா, பிடிக்கலைன்னா எதை அமுக்கணும்?"

"முதல் பொத்தானை மெதுவா அமுக்குங்க சார்" என்றாள் அவள், இனிமையாக.

ஹார்ட்லி பிரென்டிஸ் மேடை ஏறினார். வெள்ளைத் தலை, வெயிலில் நன்றாக வறுத்தெடுத்த முகம், விரலில் நான்கு மோதிரங்கள். பாவம் செய்தவர்களை நல்வழிப்படுத்தும் பிரசங்கி போல் இரண்டு கையையும் விரித்தார்.

"நண்பர்களே! முன்பெல்லாம் ஓர் அணி ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றால் அந்த வருஷமே நாசம். எத்தனை ரசிகர்கள் சனிக்கிழமை ராத்திரி சாப்பிடாமல் படுத்திருப்பார்கள்! அந்தக் கொடுமையை ஒழித்துவிட்டோம். இனி நீங்கள் எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும், அதில் யார் ஜெயித்தாலும், ஒன்றுமே ஆகாது என்ற நிம்மதியோடு பார்க்கலாம்."

அரங்கம் கைதட்டியது. 'அடக்க முடியாத ஆவல்' விளக்குகள் பளிச்சிட்டன.

"அணிகள் அதிகமாகிவிட்டன என்று சிலர் சொல்கிறார்கள். இடம் கிடைக்காத ஓர் அணியின் முகத்தை அவர்கள் பார்த்திருக்கிறார்களா? நான் பார்த்திருக்கிறேன். இடம் கிடைக்காத ஒரு விளம்பரதாரரின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். எது என் தூக்கத்தைக் கெடுத்தது என்பதை நான் சொல்ல மாட்டேன். உங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்களுக்குப் புனிதமானது. அதனால்தான் ஆட்டங்களைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றியிருக்கிறோம்."

டுவெய்னின் முறை வந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, என் பேரு டுவெய்ன் கெட்னர். நானும் என் அண்ணனும் பிரிம்லி-ஹாஸ்கெட் மேட்ச்ல மட்டும்தான் பேசிக்குவோம். வேற பேச்சு கிடையாது. அவருக்கு இப்ப உடம்பு சரியில்லை. என்னாச்சுன்னு எனக்குத் தெரியல. நீங்க மேட்சை எடுத்துட்டா நான் எங்க போய்க் கேக்கறது?"

பிரென்டிஸ் மேடையிலிருந்து இறங்கி வந்தார். டுவெய்னின் தோளில் கை வைத்தார். அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. டுவெய்னுக்கு, அப்பாடா, மனுஷனுக்கு உறைத்துவிட்டது என்று தோன்றியது.

"இதுதான்" என்றார் பிரென்டிஸ், குரல் கம்ம. "ஆறு மாசமா நாங்க இதைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்." பிறகு படப்பிடிப்புக்காரர்கள் பக்கம் திரும்பினார். "மறுபடி சொல்லச் சொல்லுங்க. 'அண்ணன்'னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. உடம்பு சரியில்லைங்கறது வேணாம், அதுக்கு மருந்துக் கம்பெனி விளம்பரம் தனியா இருக்கு."

செப்டம்பரிலிருந்து நாட்டின் எல்லா ஸ்டேடியத் திரைகளிலும் டுவெய்னின் முகம் ஓடியது. "நானும்... என் அண்ணனும்..." என்பார் அவர். அத்தோடு வெட்டிவிட்டு, வயலின் வாசிப்புக்கு மேல் ஒரு ஆழ்ந்த குரல் வரும்: "ப்ளே ஆஃப். குடும்பங்களை இணைக்கிறது." பணிமனையில் பையன்கள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் வயலின் வாசிப்பது போல் கையை ஆட்டினார்கள். டுவெய்ன் ஸ்பானரை எடுத்து வீசாததற்கு ஒரே காரணம், அது பணிமனைச் சொத்து.

அக்டோபரில் நீர்நாய்கள், தங்களைப் போலவே சோப்ளாங்கியான ஒரு வெளியூர் அணியோடு மோதினார்கள். குழுவின் கணக்குப்படி ஜெயிப்பவனுக்குத் தரமற்ற வெற்றி, தோற்பவனுக்குப் 'போராடிய தோல்வி'. ஆகவே இரண்டு அணிகளும் தோற்பதற்கென்றே ஒரு மாதம் பயிற்சி எடுத்து வந்திருந்தன. பந்தைப் பிடித்தவன் எதிராளியைத் தேடிப் போய் அவன் கையில் கொடுத்தான். அவன், ஐயோ வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பது போலத் திருப்பிக் கொடுத்தான். ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்ட ஆறடிக் கடாமாடுகள் பந்தி உபசாரம் செய்துகொண்டிருந்தன. மூன்று மணி நேரம் ஒரு புள்ளி விழவில்லை. கடைசி நிமிஷத்தில், கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்த நீர்நாய் ஒருவன், விஷயம் புரியாமல், கையில் வந்த பந்தோடு வயலில் முயல் ஓடுவது போல் ஓடிப்போய் எதிர் எல்லைக்குள் விழுந்து புள்ளி எடுத்துவிட்டான்.

பயிற்சியாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பாண்டு வாத்தியக்காரர்கள் வெற்றிப் பாட்டைத் தொடங்கலாமா கூடாதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதைவிட மோசம், ரசிகர்கள் செய்த காரியம். டுவெய்னுக்கு முன் வரிசையில் இருபது வருஷமாக உட்காரும் பல் டாக்டர் லைல் ப்ரோக்கா எழுந்து நின்று தன் சொந்த அணியைப் பார்த்து ஊளையிட்டார். "அறிவிருக்காடா? எண்பத்தொண்ணுக்கு எறங்கிட்டோம்!" என்று கத்தினார். ஸ்டேடியமே சேர்ந்து ஊளையிட்டது. ஓடிய பையன் எல்லைக்குள் பந்தைக் கட்டிக்கொண்டு நின்றான்.

டுவெய்ன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே நடந்தார். குழுக்காரன் பணத்துக்கு விற்றான், சரி, அவன் பிழைப்பு. இவர்களுக்கு என்ன வந்தது? வீட்டுக்கு வந்து, "இனிமே அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்" என்றார்.

"படுக்காத. உங்கண்ணன் சேதி?" என்றாள் ஜோலீன்.

அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் பேசறதுக்கு ஒரு மேட்ச் வேணும். அவ்வளவுதான? அது அவங்க நடத்தினாத்தான் மேட்சா? இங்க ஆளே இல்லையா, பந்தே இல்லையா?"

டுவெய்ன் அவளைப் பார்த்தார். இத்தனை வருஷம் இவளைப் பள்ளி உணவுக்கூடத்தில் உருளைக்கிழங்கு மசிக்க விட்டுவிட்டு, அந்த வெள்ளைத் தலையனை நாடு கொண்டாடுகிறதே என்று நினைத்தார்.

ஆல்மா ட்ரெக்ஸ்லரின் மேய்ச்சல் நிலம் பாலத்தை ஒட்டி இருக்கிறது. பசுக்கள் வெளியே போகாமல் படலைச் சாத்த வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு, ஆட்டம் நடத்த அதை ஆல்மா கொடுத்தாள். சேதி ஆற்றைத் தாண்டித் தானாகப் போயிற்று. நன்றியறிதல் நாளுக்கு அடுத்து வந்த சனிக்கிழமை காலை, இரண்டு கரையிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பிரிம்லி பக்கம் பேருந்து ஓட்டுநர்கள், பல் டாக்டர் லைல், தபால்காரி ஒருத்தி. ஹாஸ்கெட் பக்கம் தானியக் கிடங்குக்காரர்கள், ஒரு மாட்டு வைத்தியர், இரண்டு பாதிரிகள். சுண்ணாம்புக் கோடு வளைந்து கிடந்தது. ஆனால் ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை. இருவருமே ஜெயிக்கத்தான் ஆடினார்கள்.

மார்லினின் பிக்கப் வந்து டுவெய்னின் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. போன வருஷம் தோற்ற கடனுக்கு, ஒரு பன்றித் தொடை முழுதாகக் கொண்டுவந்திருந்தார். பேசாமல் அடுப்பை மூட்டினார். கறி சீறத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"விளம்பரத்துல உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து என் டிவியே ரெண்டு தடவை அணைஞ்சு போச்சுடா."

டுவெய்னுக்கு அப்படியே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. "உன் டிவிக்காவது ரோசம் இருக்கு. உன் டீமுக்கு அதுவும் இல்லையேய்யா" என்றார்.

"உன் டீம் மாதிரி ஓடிப்போய்த் தப்பா ஜெயிக்கல பாரு, அதைச் சொல்றியா?"

"அது கிடக்கட்டும். கோட்டு யாரோடது? உள்ள இன்னொரு ஆள் குடியிருக்கலாம் போலிருக்கு."

"கோட்டு அதேதான். ஆளுதான் கொறைஞ்சுட்டேன்." மார்லின் கறியைத் திருப்பிப் போட்டார். "கொறையாம என்ன பண்ணும்? அந்த டாக்டர் வசந்தத்துல மறுபடி படம் புடிச்சான்ல. புடிச்சுட்டு என்ன சொன்னான் தெரியுமா? உங்க டீமோட—"

பாலத்தில் ஹாரன் சத்தம் கேட்டது. பளபளவென்று இரண்டு பேருந்துகள், பின்னால் ஒரு கறுப்பு வண்டி, அதற்குப் பின்னால் படப்பிடிப்பு வண்டி. ஆல்மாவின் படலை யாரோ முட்டித் திறந்தார்கள். ஹார்ட்லி பிரென்டிஸ் இறங்கி, சாணியை லாகவமாகத் தாண்டி, ஒரு பால் பெட்டியின் மேல் ஏறி நின்றார்.

"நண்பர்களே! நூற்று முப்பத்தாறு அணிகளை வைத்து, யார் யாரோடு மோதுவது என்று கட்டம் வரைந்தோம். கட்டம் நிறையவில்லை. சுற்றுகள் ஒழுங்காகப் போக வேண்டுமென்றால் இருநூற்றைம்பத்தாறு வேண்டும் என்று எங்கள் கணிதப் பேராசிரியர் சொல்கிறார். காலி இடம் என்பது விளம்பரம் இல்லாத இடம். அதை என் மனசாட்சி ஏற்காது. ஆகவே நாடு முழுக்கத் தேடினோம். ஒரு தீயணைப்பு நிலையம் வந்திருக்கிறது. ஒரு முதியோர் இல்லம் வந்திருக்கிறது. தேவாலய வாசலில் பந்தெறிந்து விளையாடிய ஒரு கல்யாண கோஷ்டிகூட வந்திருக்கிறது, மாப்பிள்ளையோடு. உங்களை மட்டும் விட்டுவிடுவோமா? எல்லோருக்கும் இடம் உண்டு!"

உதவியாளர்கள் எல்லோர் கழுத்திலும் அட்டை மாட்டத் தொடங்கினார்கள். "ஒரே ஒரு நிபந்தனை" என்றார் பிரென்டிஸ். "இப்போது நடக்கும் இந்த ஆட்டத்துக்கு உரிமம் இல்லை. இதை உடனே நிறுத்த வேண்டும்."

டுவெய்ன் சிரித்துக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தார். யார் முதலில் இந்த ஆளைத் தூக்கி ஆற்றில் போடப்போகிறார்கள் என்று பார்த்தார். மாட்டு வைத்தியருக்கு நல்ல புஜம்.

"எங்களுக்கு என்ன நம்பர்?" என்று கேட்டார் மாட்டு வைத்தியர்.

"ஆமா, நம்பர் என்ன? முதல்ல அதைச் சொல்லுங்க" என்றார் லைல். தபால்காரி முன்னால் முண்டியடித்தாள். பாதிரிகள் இருவரும் பால் பெட்டியை நெருங்கினார்கள். பந்து போட்ட இடத்தில் கிடந்தது. ஒரு பசு வந்து அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

உதவியாளர் ஒரு பலகையைத் தூக்கிப் பிடித்தார். டுவெய்ன், பார்க்கக் கூடாது, இந்தக் கருமத்தைப் பார்க்கவே கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பார்த்தார். ஹாஸ்கெட் மேய்ச்சல் அணி, இருநூற்றுப் பதினொன்று. பிரிம்லி மேய்ச்சல் அணி, இருநூற்றுப் பதினான்கு.

"எந்த மடையன்யா கணக்குப் போட்டான்?" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று அவருக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று. "இவங்க எங்களுக்கு மேலயா? இந்தப் பன்னித் தீவனமா?"

"கண்ணாடி போட்டுப் பாருடா! மூணு எடம் மேல!" மார்லின் கறிக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தார். முகமெல்லாம் சிவந்து, இருமி, இருமலோடு சிரித்தார். "மூணு எடம்!"

"உங்க தோல்வியெல்லாம் ஒரு தோல்வியா? எங்க தோல்விக்குக் கால்தூசி பெறுமாய்யா?"

"அதைப் போய்க் குழுகிட்டக் கேளு!"

"கேக்காம விடுவேனா!"

"அருமை, அருமை" என்றார் பிரென்டிஸ். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. பிறகு நடந்தது எல்லாம் மளமளவென்று நடந்தது. ஹாஸ்கெட்காரர்களை ஒரு பேருந்தில் ஏற்றினார்கள். அவர்களுக்கு முதல் ஆட்டம் அரிசோனாப் பாலைவனத்தில், செவ்வாய்க்கிழமை. பிரிம்லிக்காரர்களை மற்றொன்றில் ஏற்றினார்கள். அவர்களுக்கு ஃப்ளோரிடா. மார்லின் ஜன்னலில் தலையை நீட்டி, "ஃபைனல்ல பாக்கறேன்டா!" என்று கத்தினார். "முதல்ல வந்து சேருய்யா!" என்று டுவெய்ன் திருப்பிக் கத்தினார். இரண்டு பேருந்துகளும் பாலத்தடியில் பிரிந்து, ஒன்று மேற்கே போயிற்று, ஒன்று தெற்கே போயிற்று. பன்றித் தொடை அடுப்பிலேயே கருகிக்கொண்டிருந்தது.

பேருந்துக்குள் ஒரே உற்சாகம். லைல் தரமான தோல்விக்கு என்ன வழி என்று கடைசி வரிசையில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். டுவெய்னும் திரும்பி உட்கார்ந்து இரண்டொரு யோசனை சொன்னார். மாவட்ட எல்லை தாண்டியதும், பக்கத்து இருக்கையிலிருந்த ஜோலீன் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"அது சரி. டாக்டர் என்ன சொன்னாராம்?"

டுவெய்ன் அவளைப் பார்த்தார். சொல்லிக்கொண்டிருந்த யோசனை பாதியில் நின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பினார். அறுத்த சோளக்காடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் காத்திருந்து, ஊரைக் கூட்டி, அண்ணன் வாயைத் திறந்த நேரத்தில் மூன்று இடத்துக்காகக் கூத்தாடிவிட்டு வந்திருக்கிறோம். பிரென்டிஸ் மேல் வந்த அருவருப்பை விடப் பத்து மடங்கு அதிகமாகத் தன் மேலேயே வந்தது.

"போன் பண்ணிக் கேளுய்யா" என்றாள் ஜோலீன், மெதுவாக.

அவர் போனை எடுத்தார். அண்ணன் பெயர் வரைக்கும் தேடிப் போனார். கட்டைவிரல் அதன் மேல் நின்றது. பிறகு போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இப்படியே இருந்தா எப்பதான் கேப்ப?"

முன் இருக்கையின் முதுகில் குழுவின் கட்டத்தை ஒட்டியிருந்தார்கள். இருநூற்றைம்பத்தாறு பெயர்கள், இரண்டு பக்கமும் பொடி எழுத்தில். டுவெய்ன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தெற்குப் பக்கத்தின் அடியில் தன் அணியைத் தேடிப் பிடித்தார். அதிலிருந்து கிளம்பும் கோட்டின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு கட்டமாக, நடுவில் இருந்த இறுதி ஆட்டத்தை நோக்கி நகர்த்தினார். உதடு அசைந்தது.

"நாங்க ஏழு ஜெயிக்கணும்" என்றார். "அவரும் ஏழு ஜெயிக்கணும்."